வை-பை எங்கே போயிற்று?
டெலிவிஷன் பெட்டி திடீரென்று படம் காட்ட மறுப்பது ஏன்? புதுப் பெட்டி வாங்கும் முன் குடும்பத்தினர் அறிய வேண்டியவை

ஞாயிற்றுக்கிழமை மாலை. வீட்டு வேலை முடிந்துவிட்டது. பாட்டி பாயை விரித்துச் சுவரோரம் சாய்ந்துவிட்டார். பேரன் ரிமோட்டை அமுக்குகிறான். படம் வரவில்லை. "இன்டர்நெட் தொடர்பு இல்லை" என்ற எழுத்துகள் மட்டும் வருகின்றன.

"என்னப்பா ஆச்சு?" என்கிறார் பாட்டி.

"வை-பை கிடைக்கலை, பாட்டி."

"நேத்துக்கூட இருந்துச்சே! இன்னிக்கு எங்கே போச்சு?"

பாட்டி கேட்டது நல்ல கேள்வி. அதற்கு விடை தெரியாததால்தான் பல குடும்பங்கள் வீண் செலவு செய்கின்றன. நல்ல பெட்டியைக் கெட்ட பெட்டி என்று நினைத்துப் பழைய விலைக்குப் போட்டுவிடுகின்றன. சிலர் அவசரத்தில் மோசக்காரர்களுக்குப் போன் செய்து, பாங்கியில் இருந்த பணத்தையும் பறிகொடுக்கிறார்கள்.

பெட்டி பேசாமல் போனால் பழுது எங்கே இருக்கும்? அதை வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா? முடியும். பெரிய படிப்பு எதுவும் வேண்டாம். அரை மணி நேரமும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

கூரை மேல் இருந்த கம்பி

இந்தியாவில் டெலிவிஷன் ஒளிபரப்பு 1959-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி டெல்லியில் தொடங்கியது. சென்னைக்கு அது வந்தது 1975-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி.

அந்த நாளில் படம் சரியாகத் தெரியாவிட்டால் வீட்டுப் பையன் மொட்டை மாடிக்கு ஓடுவான். ஆன்டெனா கம்பியைத் திருப்புவான். "தெரியுதா?" என்று மேலே இருந்து கத்துவான். "இன்னும் கொஞ்சம்... போச்சு, போச்சு! பழையபடி திருப்பு!" என்று கீழே இருந்து பதில் வரும். 1982-ம் ஆண்டு இலங்கையில் ரூபவாஹினி தொடங்கிய பிறகு, தென் மாவட்டங்களில் பலர் உயரமான கம்பி நட்டு அந்தப் படத்தையும் பிடித்தார்கள்.

பிறகு கேபிள் கம்பி வந்தது. தனியார் சானல்கள் வந்தன. 2006-ம் ஆண்டு தமிழக சர்க்கார் இலவசக் கலர் டெலிவிஷன் கொடுக்கத் தொடங்கியது. குடிசை வீட்டிலும் படம் தெரிந்தது. மின்சாரமும் கேபிளும் இருந்தால் அந்தப் பெட்டி ஓடும். வேறு எதையும் அது கேட்கவில்லை.

இன்றைய "ஸ்மார்ட்" டெலிவிஷன் அப்படி அல்ல. உண்மையில் அது ஒரு கம்ப்யூட்டர். பெரிய திரை வைத்த கம்ப்யூட்டர். சினிமா, பாட்டு, கிரிக்கெட், பிள்ளைகளின் பாடம் எல்லாம் இன்டர்நெட் வழியாக அதற்கு வருகின்றன.

ஜனங்கள் அந்தப் பக்கம் போவதற்குக் காரணம் உண்டு. 2016-ம் ஆண்டுக்குப் பிறகு இன்டர்நெட் கட்டணம் மளமளவென்று குறைந்தது. கேபிள்காரர்களே பைபர் கம்பி இழுத்து இன்டர்நெட் கொடுக்கத் தொடங்கினார்கள். கூரையில் தட்டு வைத்து மாதப் பணம் கட்டிப் பார்ப்பவர்கள் 2020-ம் ஆண்டின் இறுதியில் நாடு முழுவதும் சுமார் 7 கோடிப் பேர். 2025-ம் ஆண்டு மார்ச் மாதம் அந்த எண்ணிக்கை 6 கோடிக்கும் கீழே இறங்கிவிட்டது. 2025-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி முதல், 32 அங்குலத்துக்கு மேற்பட்ட பெட்டிகளுக்கு ஜி.எஸ்.டி. வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பெரிய பெட்டி வாங்குவது இன்னும் சுலபமாயிற்று.

ஆனால் ஒரு மாறுதலைப் பலர் கவனிக்கவில்லை. அன்று பழுது கூரை மேல் இருந்தது. கண்ணால் பார்க்கலாம், கையால் திருப்பலாம். இன்று பழுது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. அதனால்தான் பயம், அதனால்தான் செலவு.

மூன்று கண்ணிகள்

படம் வீட்டுக்கு வரும் பாதையை ஒரு சங்கிலியாக நினைத்துக்கொள்ளலாம். அதில் மூன்று கண்ணிகள் இருக்கின்றன.

முதல் கண்ணி, தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் கம்பி. அது ரூட்டர் என்ற சிறு பெட்டியில் வந்து முடிகிறது.

இரண்டாவது கண்ணி, ரூட்டருக்கும் டெலிவிஷனுக்கும் நடுவே உள்ள காற்று வழி. இதன் பெயர்தான் வை-பை. இதுவும் ரேடியோ அலைதான். சென்னைக் கோபுரத்திலிருந்து வந்த அலைக்கு அண்ணன் தம்பி முறை! அந்த அலை ஊரைச் சுற்றி வந்தது. இந்த அலை வீட்டுக்குள் மட்டும் சுற்றுகிறது.

மூன்றாவது கண்ணி, டெலிவிஷனுக்கும் படம் அனுப்பும் கம்பெனிக்கும் உள்ள உறவு. அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர் எங்கோ தொலைவில் இருக்கிறது. அது இந்தப் பெட்டியை ஏற்றுக்கொண்டால்தான் படம் வரும்.

மூன்றில் எந்தக் கண்ணி அறுந்தாலும் திரையில் வருவது ஏறக்குறைய ஒரே செய்திதான். எந்தக் கண்ணி என்று தெரிந்துகொண்டால் பாதி ரிப்பேர் முடிந்தது.

முதல் சோதனை செல்போனில்

டெலிவிஷனைத் தொடுவதற்கு முன் வீட்டில் உள்ள செல்போனை எடுக்க வேண்டும். அதில் சிம் வழியாக வரும் டேட்டாவை நிறுத்திவிட வேண்டும். இது முக்கியம். நிறுத்தாவிட்டால், வை-பை செத்துக் கிடந்தாலும் போன் தன் சொந்த டேட்டாவில் ஓடும். "போனில் வருகிறதே!" என்று ஏமாந்துவிடுவோம்.

டேட்டாவை நிறுத்திய பிறகு வை-பையில் மட்டும் ஒரு படத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

போனிலும் வரவில்லையா? டெலிவிஷன் மேல் குற்றம் இல்லை. முதல் கண்ணி அறுந்திருக்கிறது. ரூட்டரில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்க்கலாம். பைபர் இணைப்பில் "எல்.ஓ.எஸ்." என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளியிலிருந்து ஒளி வரவில்லை என்று அர்த்தம். கம்பி எங்காவது அறுந்திருக்கலாம். அல்லது பீரோவுக்குப் பின்னால் மடங்கி நசுங்கியிருக்கலாம். பைபர் கம்பிக்குள் இருப்பது கண்ணாடி இழை. அதை மடிக்கக் கூடாது. மாதப் பணம் கட்ட மறந்திருந்தாலும் தொடர்பு நிற்கும். இந்த மூன்றும் இன்டர்நெட் கொடுப்பவரோடு தீர வேண்டிய காரியம்.

போனில் வருகிறது, டெலிவிஷனில் மட்டும் வரவில்லை. அப்படியானால் இரண்டாவது கண்ணிக்குப் போகலாம்.

பிளக்கைப் பிடுங்கு!

ரிமோட்டில் அணைத்தால் டெலிவிஷன் தூங்குகிறதே தவிர நிற்பதில்லை. உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் பழைய குழப்பத்தோடு அப்படியே இருக்கிறது. ஆகவே சுவர் சுவிட்சை நிறுத்திப் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். ரூட்டரின் பிளக்கையும் பிடுங்க வேண்டும்.

ஒரு நிமிஷம் கழித்து முதலில் ரூட்டரைப் போட வேண்டும். அதன் விளக்குகள் நிலைத்து எரிய இரண்டு மூன்று நிமிஷம் ஆகும். அதன் பிறகே டெலிவிஷனைப் போட வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது. வீட்டுக்காரர் எழுந்து கதவைத் திறந்த பிறகுதானே விருந்தாளி உள்ளே வர முடியும்? பல வீடுகளில் தொந்தரவு இத்தோடு தீர்ந்துவிடும்.

தீரவில்லையா? டெலிவிஷனின் செட்டிங்கில் போய், அங்கே இருக்கும் பழைய வை-பை பெயரை அழித்துவிட வேண்டும். பிறகு புதிதாகத் தேர்ந்தெடுத்துப் பாஸ்வேர்டைப் போட வேண்டும். ரிமோட்டை வைத்து எழுத்து எழுத்தாகப் போடும்போதுதான் தப்பு நேருகிறது. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து வேறு, சின்ன எழுத்து வேறு. பூஜ்யம் வேறு, "ஓ" என்ற எழுத்து வேறு. யாராவது பாஸ்வேர்டை மாற்றிவிட்டார்களா என்றும் வீட்டில் கேட்க வேண்டும். பிள்ளைகள் மாற்றிவிட்டுச் சொல்ல மறந்திருப்பார்கள்!

சுலபமாக இருக்கட்டும் என்று பாஸ்வேர்டே இல்லாமல் வைப்பது ஆபத்து. முன்பின் தெரியாதவன் அந்த வழியாகக் குற்றம் செய்தால், போலீசார் முதலில் வந்து கதவைத் தட்டுவது இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டைத்தான்.

இரண்டு அலைகள்

வை-பை அலையில் இரண்டு வகை பரவலாக இருக்கிறது. ஒன்று 2.4 ஜிகாஹெர்ட்ஸ். மற்றொன்று 5 ஜிகாஹெர்ட்ஸ். 2.4 அலை நிதானமானது. ஆனால் சுவரைத் தாண்டி அடுத்த அறைக்கும் போகும். 5 அலை வேகமானது. ஆனால் சுவரைக் கண்டால் களைத்துவிடும்.

விலை குறைந்த பெட்டிகளிலும் பழைய பெட்டிகளிலும் 2.4 மட்டுமே உள்ளவை உண்டு. அந்தப் பெட்டிக்கு 5 அலையின் பெயரே கண்ணில் படாது. ரூட்டரில் 2.4 அலை நிறுத்தப்பட்டிருந்தால் போனில் வை-பை இருக்கும், டெலிவிஷனில் இருக்காது. இதைத்தான் "மாயம்" என்கிறார்கள். மாயம் ஒன்றும் இல்லை. இன்டர்நெட் கொடுப்பவரிடம், "2.4 அலையையும் திறந்து வையுங்கள்" என்று சொன்னால் போதும்.

பூட்டிலும் புதிது, பழையது உண்டு. 2018-ம் ஆண்டு "டபிள்யூ.பி.ஏ.-3" என்ற புதிய காவல் முறை வந்தது. ரூட்டர் அந்த ஒன்றை மட்டும் கேட்டால் பழைய டெலிவிஷன் உள்ளே நுழைய முடியாது. பழைய முறையும் புதிய முறையும் சேர்ந்து இருக்கும்படி ரூட்டரை மாற்றி வைக்கலாம்.

ரூட்டர் இருக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். அழகுக்காக அதைப் பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைப்பவர்கள் பலர். இரும்பு அலையைத் தடுத்துவிடும். பெரிய நிலைக்கண்ணாடியும் தடுக்கும். மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது 2.4 அலை தடுமாறும். இரண்டும் ஒரே அலைவரிசைப் பக்கம்தான். ரூட்டரைத் தலைக்கு மேலே, திறந்த இடத்தில், வீட்டின் நடுப்பக்கமாக வைப்பது நல்லது.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த பெட்டியா? இந்தியாவில் 2.4 அலையில் 13 வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. அமெரிக்கப் பெட்டி 11 வழிகளோடு நின்றுவிடக்கூடும். ரூட்டர் 12 அல்லது 13-ல் ஓடினால் அந்தப் பெட்டிக்குத் தெரியாது. 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றுக்கு ரூட்டரை மாற்றினால் சரியாகிவிடும்.

தேதி தப்பினால் தொடர்பு தப்பும்!

சில வீடுகளில் வை-பை பிடித்துவிடும். "இணைந்தது" என்று கூட வரும். ஆனால் படம் மட்டும் வராது. வீட்டுக் கதவு திறந்தும் எதிரே தெரு அடைத்திருப்பது போன்ற நிலைமை இது. இது மூன்றாவது கண்ணியின் தொல்லையாக இருக்கலாம்.

அப்போது முதலில் பார்க்க வேண்டியது கடிகாரம்! பெட்டியில் தேதியும் மணியும் சரியாக இருக்கின்றனவா? தேதிக்கும் படத்துக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் உண்டு. தொலைவில் உள்ள கம்ப்யூட்டர் "நான் அசல்தான்" என்று ஓர் அடையாளச் சீட்டு காட்டும். அந்தச் சீட்டில் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை செல்லும் என்று இருக்கும். டெலிவிஷனின் கடிகாரம் பல வருஷம் பின்னால் இருந்தால், நல்ல சீட்டையும் செல்லாத சீட்டு என்று தள்ளிவிடும். தேதியைத் திருத்தினால் படம் வந்துவிடும்.

சீட்டே உண்மையில் காலாவதியாவதும் உண்டு. 2021-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி, உலகெங்கும் பல தளங்கள் நம்பியிருந்த ஒரு மூலச் சீட்டு காலாவதியாயிற்று. புதிய சீட்டைப் பெறாத பழைய கருவிகள் பல அன்று தொடர்பு இழந்து நின்றன. அவற்றில் எந்த உறுப்பும் உடையவில்லை. ஒரு தேதி தாண்டியது, அவ்வளவுதான்!

எல்லாம் சரி, ஒரே ஒரு ஆப் மட்டும் ஓடவில்லை என்றால் வை-பையைக் குறை சொல்ல வேண்டாம். அந்த ஆப்பை அழித்து மறுபடி ஏற்றலாம். பெட்டிக்கான புதிய மென்பொருள் வந்திருந்தால் ஏற்றிக்கொள்ளலாம்.

தீர்ப்புச் சொல்லும் சோதனை

இவ்வளவு செய்தும் பலன் இல்லையென்றால், தீர்ப்புச் சொல்லும் சோதனை ஒன்று இருக்கிறது. செல்போனில் "ஹாட்ஸ்பாட்" போட்டு டெலிவிஷனை அதில் சேர்த்துப் பார்ப்பது.

சேர்ந்துவிட்டால் டெலிவிஷன் நல்ல நிலையில் இருக்கிறது. குறை ரூட்டரில். சேரவில்லை என்றால் டெலிவிஷனின் வை-பை உறுப்பு கெட்டிருக்கலாம். சோதனை முடிந்ததும் ஹாட்ஸ்பாட்டை நிறுத்த மறக்கக் கூடாது. டெலிவிஷன் ஒரு நாள் டேட்டாவை ஒரே படத்தில் குடித்துவிடும்!

வை-பை உறுப்பு கெட்டால்கூட பெட்டியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. பெரும்பாலான பெட்டிகளின் பின்புறம் லேன் கம்பி செருகும் இடம் இருக்கிறது. ரூட்டரிலிருந்து கம்பி இழுத்துச் செருகினால் வை-பை இல்லாமலே படம் வரும். இல்லையென்றால், எச்.டி.எம்.ஐ. துளையில் செருகும் ஸ்டிக் கருவி சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கிறது. அதற்குச் சொந்தமாக வை-பை உண்டு. சில ஆயிரத்தில் தீருவதற்குப் பல ஆயிரம் கொட்டுவானேன்?

பெட்டியைப் புதிது போல் அழித்துத் தொடங்கும் "ரீசெட்" கடைசி வழி. அதைச் செய்தால் எல்லா ஆப்களும் பாஸ்வேர்டுகளும் போய்விடும். அவற்றை முன்னதாகக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

போன் செய்யும் முன் யோசனை

இனிதான் முக்கியமான சங்கதி.

படம் வராத ஆத்திரத்தில் பலர் இன்டர்நெட்டில் "கஸ்டமர் கேர்" நம்பரைத் தேடுகிறார்கள். தேடியதும் வரும் முதல் நம்பருக்குப் பேசுகிறார்கள். அங்கேதான் வலை விரித்திருக்கிறார்கள் மோசக்காரர்கள். கம்பெனியின் பெயரில் பொய் நம்பர்களைப் போட்டு வைப்பது அவர்களது தொழில்.

மறுமுனையில் மரியாதையாகப் பேசுவார்கள். "பத்து ரூபாய் பதிவுக் கட்டணம் கட்டுங்கள், ஆள் அனுப்புகிறோம்" என்பார்கள். "இந்த ஆப்பைப் போனில் ஏற்றுங்கள்" என்பார்கள். அந்த ஆப், போனின் திரையை அப்படியே அவர்களுக்குக் காட்டிவிடும். பிறகு வருகிற ஓ.டி.பி. எண்ணும் அவர்கள் கண்ணில் படும். பத்து ரூபாய் கட்டப் போனவரின் கணக்கு காலியாகிவிடும்.

டெலிவிஷன் ரிப்பேர் செய்ய ஓ.டி.பி. தேவையே இல்லை. பாங்கி விவரமும் தேவை இல்லை. கேட்டால் கேட்பவன் திருடன். போனை வைத்துவிட வேண்டும்.

சரியான நம்பர் எங்கே இருக்கிறது? பெட்டியோடு வந்த உத்தரவாதச் சீட்டில் இருக்கிறது. மாதாமாதம் வரும் இன்டர்நெட் பில்லில் இருக்கிறது. பணம் போய்விட்டால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 1930 என்ற நம்பருக்குப் பேச வேண்டும். சைபர் மோசடிக்காக மத்திய சர்க்கார் வைத்திருக்கும் நம்பர் அது. விரைவாகச் சொன்னால், போன பணம் கை மாறும் முன் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

பெட்டி நம்முடையது, ஆயுள் யாருடையது?

வீட்டில் எல்லாம் சரியாக இருந்தும் படம் நிற்கும் காலமும் வருகிறது. 2019-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி நெட்பிளிக்ஸ் நிறுவனம் சில பழைய கருவிகளுக்குத் தன் சேவையை நிறுத்தியது. சாம்சங் நிறுவனத்தின் 2010, 2011-ம் ஆண்டுப் பெட்டிகள் சிலவும் அதில் அடங்கும். திரை பளிச்சென்று இருந்தது. ஒலி கணீரென்று இருந்தது. அந்தச் சேவை மட்டும் போய்விட்டது.

பழைய டெலிவிஷனுக்கு ஆயுள் அதன் படக்குழாய் இருக்கும் வரை. ஸ்மார்ட் டெலிவிஷனின் "ஸ்மார்ட்" பகுதிக்கு ஆயுள், கம்பெனி புதிய மென்பொருள் கொடுக்கும் வரை. பணம் கொடுத்தவர் வீட்டுக்காரர். ஆயுளைத் தீர்மானிப்பவர் வேறொருவர்! இது நியாயமா என்ற கேள்வி பல நாடுகளில் எழுந்திருக்கிறது.

பிரிட்டனில் 2024-ம் ஆண்டு ஏப்ரல் 29-ந் தேதி முதல் ஒரு சட்டம் அமலில் இருக்கிறது. இன்டர்நெட்டில் இணையும் வீட்டுக் கருவியை விற்பவர், பாதுகாப்பு மென்பொருளை எவ்வளவு காலம் கொடுப்பார் என்று முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். இந்தியாவில் நுகர்வோர் விவகார இலாகா 2022-ம் ஆண்டு டிசம்பரில், ரிப்பேர் செய்துகொள்ளும் உரிமைக்காகத் தனி இணையதளம் தொடங்கியது. பொருளை வாங்கியவர் அதைச் சரிசெய்துகொள்ள வழி இருக்க வேண்டும் என்ற எண்ணம் இங்கும் வேரூன்றத் தொடங்கியிருக்கிறது.

சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. பெட்டி வாங்கும்போதே கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேட்கலாம். 2.4, 5 இரண்டு அலையும் பிடிக்குமா? லேன் கம்பி செருக இடம் இருக்கிறதா? புதிய மென்பொருள் எத்தனை வருஷம் கொடுப்பார்கள்? திரை எத்தனை அங்குலம் என்று கேட்பது போலவே இவையும் முக்கியம்.

உத்தரவாதக் காலத்தில் கம்பெனி கைவிரித்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி நம்பருக்குப் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் கமிஷனிலும் வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் வழக்குக் கட்டணம் கிடையாது.

ஒன்றை மறக்கக் கூடாது. இன்டர்நெட் போனாலும் பெட்டி செத்துவிடவில்லை. அதில் கேபிளை இணைக்கலாம். தூர்தர்ஷனின் "பிரீ டிஷ்" இணைக்கலாம். அதற்கு மாதக் கட்டணம் இல்லை. பென் டிரைவில் படம் போட்டுப் பார்க்கலாம்.

பாட்டியின் வீட்டில்...

பேரன் தன் போனில் டேட்டாவை நிறுத்திவிட்டு வை-பையில் பாட்டு ஓட்டிப் பார்க்கிறான். பாட்டு வருகிறது. ஆகவே தெருக் கம்பியில் குறை இல்லை. டெலிவிஷன் பிளக்கைப் பிடுங்குகிறான். ரூட்டர் பிளக்கைத் தேடுகிறான். அது புதிதாக வாங்கிய இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருக்கிறது!

"நேத்து சாயங்காலந்தான் பீரோவை அங்கே தள்ளி வச்சோம்" என்கிறார் அம்மா.

ரூட்டர் பீரோவை விட்டு நகர்ந்து சுவர் அலமாரிக்கு ஏறுகிறது. விளக்குகள் நிலைத்த பிறகு டெலிவிஷனைப் போடுகிறான். படம் வந்துவிட்டது. செலவு ஒரு காசு இல்லை.

பேரன் அத்தோடு நிற்கவில்லை. ஒரு தாளை எடுத்து நான்கு வரி எழுதுகிறான். வை-பை பாஸ்வேர்டு ஒன்று. இன்டர்நெட் பில்லில் உள்ள நம்பர் ஒன்று. அதற்குக் கீழே 1930, 1915. அந்தத் தாளைப் பீரோ கதவின் உட்பக்கம் ஒட்டிவிட்டு, பாட்டியின் பக்கத்தில் வந்து உட்காருகிறான்.